மங்கலான கோடுகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மேலதிகாரி அவளுடைய அக்கா புருஷன். சாகப்போகும் நட்சத்திரம் ஊதித் தள்ளிய வாயு மேகத்தில், அதாவது நெபுலாவில், ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அதன் ஒளியைக் கோடு கோடாகப் பிரித்து அளப்பது அவள் வேலை. பளிச்சென்ற கோடுகள் ஒரு கணக்குச் சொல்லின. மங்கலான கோடுகளோ அதைப்போலப் பத்து மடங்கு என்றன. குளிர்காலம் முழுக்கத் திரும்பத் திரும்ப அளந்தும் அது மாறவில்லை.

"கருவிக் கோளாறும்மா. கட்டுரையில போட்டா நம்மளப் பார்த்துச் சிரிப்பாங்க, எடுத்துடு," என்றார் அத்தான். மனசில்லாமல் எடுத்தாள்.

மறு வருஷம் வேறொரு குழு அதே பத்து மடங்கை அறிவித்துப் பேரைத் தட்டிக்கொண்டு போனது. கருத்தரங்கில் அத்தான் எழுந்து, "இதை நான் அப்பவே பார்த்துட்டேன். என் உதவியாளர்தான் பயந்துபோய் எடுத்துட்டாங்க," என்றார். அரங்கமே அவளைத் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் குமுறினாள். அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே, "விடுடி, வீட்டு மனுஷன்தானே. வெளியாளா இருந்தா சண்டை போடலாம்," என்றாள்.

வெளியாளாக இருந்திருந்தால் அவள் எடுத்திருக்கவே மாட்டாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். அக்கா குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.