குளிரில் வைத்த க்யூப்

அச்சுப் பலகையைச் சுத்தியலால் தட்டும் சத்தத்தில்தான் எங்கள் ஆலைக்கு விடியும். நவம்பர் மாதம். உறைபனி பூத்த இரும்பை இரண்டு கையுறை போட்டுப் பிடித்தாலும் குளிர் எலும்பு வரை ஏறும். முந்தைய மாலை வார்த்த கான்கிரீட் படிக்கட்டுகள் அச்சுக்குள் படுத்துக் கிடக்கும். போல்ட்டுகளைக் கழற்றி, பலகையைப் பிரித்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வளையங்களில் கொக்கி மாட்டி, கிரேனில் தூக்கி வெளியே வைக்க வேண்டும். பிறகு அதே அச்சைச் சுரண்டி, எண்ணெய் தடவி, மறுபடி வார்க்க வேண்டும். மூக்கு ஒழுகும்; துடைக்கக் கை இருக்காது.

கொக்கி மாட்டுவது டெஸ். கிரேனின் ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இயக்குவது காஸிம். இருவரும் விடிந்தது முதல் பொழுது அடைகிற வரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே வேலை செய்வார்கள்.

"மெதுவாத் தூக்குடா, உன் கல்யாண ஊர்வலமா இது?"

"மாட்டுறத மாட்டு, பெருசு. உன் வாய்க்குத்தான் முதல்ல கொக்கி போடணும்."

நான் அங்கே கேன்டீனில் தேநீர் ஊற்றுகிறவள். என் ஜன்னலுக்கு எல்லாம் கேட்கும்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் ஹாட்டி வந்தாள். பதினெட்டு வயது. நாலு நாள் ஆலையில் வேலை, ஒரு நாள் பல்கலைக்கழகம். படிப்புச் செலவு ஆலையுடையது. முடிவில் சிவில் இன்ஜினியர் பட்டம். அவள் வீட்டில் பட்டம் வாங்கியவர் யாருமில்லை. கடன் இல்லாமல் படிக்க அவளுக்கு இருந்த ஒரே வழி இதுதான்.

முதலாளி கிறிஸ்பின் அவளை ஹெல்மெட்டோடு நிறுத்திப் படம் எடுத்து, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, ‘நாளையைக் கட்டுகிறோம்’ என்று எழுதி வாசலில் மாட்டினார். ஒரு மண்வெட்டியைக்கூட நேராகப் பிடித்திராத மனிதர் நாளையைக் கட்டுகிறார்! அவரை ‘மிஸ்டர்’ போட்டு அழைத்தால் கோபித்துக்கொள்வார். "கிறிஸ்பின்னே கூப்பிடுங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் சூடான அறையும் தோல் நாற்காலியும்.

பரிசோதனைக்கூடத்தில் இருந்தவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. ஹாட்டியைப் போட்டார்கள். கற்றுக்கொள்ள வந்த பிள்ளை, கற்றுக்கொடுக்க ஒருவரும் இல்லாமல், மூன்றாவது வாரமே பொறுப்பாளியாகிவிட்டாள். படிக்கட்டு வார்க்கும்போதே அதே கலவையில் சின்னக் கனசதுரக் கட்டிகள் வார்ப்பார்கள்; க்யூப் என்போம். காலையில் அதை இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்து, போதுமான பலம் வந்திருந்தால் ஹாட்டி ‘தூக்கலாம்’ என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கொக்கி.

குளிர் தொடங்கிய வாரத்தில் கிறிஸ்பின் இன்னொரு காரியமும் செய்தார். வார்த்த படிக்கட்டுகளைத் தார்ப்பாயால் மூடி, இரவெல்லாம் கீழே சூடுகாற்று விடுவது எங்கள் வழக்கம். அந்தச் சூடுகாற்றை நிறுத்தினார்.

"பூமியக் காப்பாத்தணும் இல்லையா? நம்ம பங்குக்கு கேஸ் எரிக்கிறதக் குறைக்கிறோம்" என்றார்.

"பூமியக் காப்பாத்துற அன்னிக்கே அவர் ஆபீஸ் ஹீட்டரயும் அணைக்கச் சொல்லுங்க" என்றார் டெஸ். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். அதுதான் எங்கள் தப்பு.

நான்கு நாள் கழித்து, காலையில், ஹாட்டி க்யூபை நசுக்கினாள். நல்ல பலம் காட்டியது. வாசலுக்கு வந்து கட்டைவிரலைத் தூக்கினாள். டெஸ் மாட்டினார். காஸிம் தூக்கினார். படிக்கட்டு அச்சை விட்டு இடுப்பு உயரம் வந்தது. ஒரு வளையம் தன்னைச் சுற்றியிருந்த கான்கிரீட்டைப் பிய்த்துக்கொண்டு, ஈரக் கேக்கிலிருந்து மெழுகுவத்தியைப் பிடுங்கினதுபோல் வெளியே வந்தது. படிக்கட்டு சாய்ந்து டெஸ்ஸின் காலில் விழுந்தது.

அவர் கத்தவில்லை. "காஸிம், தூக்குடா" என்று மட்டும் சொன்னார், வழக்கமான வேலைக் குரலில். ஆம்புலன்ஸ்காரர்கள் பூட்ஸை வெட்டித்தான் எடுத்தார்கள்.

மறுநாள் மதிய உணவு முடிந்து ஆட்கள் போன பிறகு, கிறிஸ்பின் ஹாட்டியைக் கேன்டீனுக்கு அழைத்துவந்து உட்காரவைத்தார். கூடவே ஒரு பிஸ்கட் பாக்கெட். தேநீர் ஊற்றுகிறவளுக்குக் காது இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"உன் மேல யாரும் பழி போடல, ஹாட்டி. விசாரிக்க அதிகாரிங்க வருவாங்க. நீ சொல்றதுக்கு முன்னாடியே டெஸ் கொக்கி மாட்டிட்டார்னு சொன்னா முடிஞ்சது."

"நான்தானே தூக்கலாம்னு சொன்னேன்."

"அது உன் ஞாபகம். அதிர்ச்சியில ஞாபகம் குழம்பும். டெஸ்ஸுக்கு வயசாச்சு, அவசரப்பட்டுட்டார். பாவம்."

"அவருக்கு நஷ்டஈடு கிடைக்காதே?"

"நாங்க பூங்கொத்து அனுப்பியிருக்கோம்."

ஹாட்டி பிஸ்கட்டைத் தொடவில்லை. "நான் அப்படிச் சொல்லலேன்னா?"

கிறிஸ்பின் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சையும் அவர் கண்ணாடி முன் பழகியிருப்பார். "மூணாவது வாரத்துலயே ஒருத்தர் கால நசுக்கின பொண்ண இன்ஜினியராக்க எந்தக் கம்பெனி செலவு பண்ணும், சொல்லு? யோசி. நாளைக்குக் காலையில சொன்னாப் போதும்."

அவர் போனதும் ஹாட்டி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து நேரே பரிசோதனைக்கூடத்துக்குப் போனாள். காலையில் நசுக்காமல் மிச்சமிருந்த ஒரு க்யூபை அச்சிலிருந்து எடுத்து, கையுறையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, மறு கையை இன்னும் தூக்காமல் அச்சில் கிடந்த படிக்கட்டின் மேல் வைத்தாள். அப்படியே நின்றாள். பிறகு கேன்டீனுக்குள் வந்து, க்யூபை என் மேசையில் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சுட்டு இறக்கின ரொட்டி ஆறுகிற சூடு.

"கூடத்துல ராத்திரியெல்லாம் ஹீட்டர் ஓடுது. விருந்தாளி வர்ற இடம்னு அத அணைக்கல. க்யூப் சூட்டுல தூங்கி இறுகிடுச்சு. படிக்கட்டு பனியில கிடந்து இறுகவே இல்ல. நான் இதக் கேட்டு, அதத் தூக்கச் சொல்லிட்டேன்." அதற்குள் காஸிம் வந்து கதவருகே நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் அவள் குரல் உடைந்தது. "நான்தான் அவர் கால நசுக்கினேன்."

"ஆமா, நீதான் சொன்ன" என்றார் காஸிம். அவர் கண்ணும் சிவந்திருந்தது. "நான்தான் தூக்கினேன். அவன்தான் மாட்டினான். மூணு பேரும் சரிசமமாப் பங்கு போட்டு அழலாம். சூடுகாத்த நிறுத்தினவன் மட்டும் அழமாட்டான். உன்ன என்ன கேட்டான்?"

அவள் சொல்லவில்லை. நான் சொன்னேன், ஒரு சொல் விடாமல், பூங்கொத்து வரைக்கும்.

காஸிம் மருத்துவமனைக்கு போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

"கால் பாதி போச்சு, வாய் முழுசா இருக்கு" என்றார் டெஸ். "என்ன வேணும்?"

காஸிம் சொன்ன விஷயத்தைக் கேட்டார். பிறகு, "சொல்லிடு கண்ணு. நான் மாட்டிட்டேன்னே சொல்லிடு. எனக்கு இனிமே கொக்கி பிடிக்கிற வேலை இல்ல. உனக்குப் படிப்பு இருக்கு."

"மாட்டேன்" என்றாள் ஹாட்டி.

"பிடிவாதம் பண்ணாத."

"நாளைக்கு உங்க இடத்துல வேற ஒருத்தர் மாட்டணுமே, டெஸ். அவர் காலும் போனா யார் மேல சொல்றது?"

"காஸிம்," என்றார் டெஸ் கடைசியில், "இந்தப் பொண்ணத் தனியா விட்டீன்னா, ஒத்தக் கால்லயே வந்து உன்ன உதைப்பேன்."

அன்று மாலை வார்ப்பு முடிந்ததும் ஹாட்டி க்யூப்களைக் கூடத்துக்கு எடுத்துப் போகவில்லை. படிக்கட்டின் பக்கத்திலேயே, அதே தார்ப்பாய்க்குள், அதே குளிரில் வைத்தாள்.

மறுநாள் காலை கூடத்து வாசலில் எல்லோரும் நின்றார்கள். அச்சுக்காரர்கள், கம்பி கட்டுகிறவர்கள், கலவைக்காரர்கள். நானும் ஏப்ரனோடு நின்றேன். க்யூப் இயந்திரத்துக்குள் போனது. அளவு முள் எழும்பத் தொடங்கியதுமே க்யூப் பொலபொலவென்று உதிர்ந்தது. வாரமெல்லாம் எப்படிப்பட்ட சுமைக்கடியில் நடந்துகொண்டிருந்தோம் என்று எல்லோரும் தமக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள்.

கிறிஸ்பின் வந்தார். பஞ்சு வைத்த கையில்லாச் சட்டை, கீறலே விழாத ஹெல்மெட். "என்ன கூட்டம்? லாரி வந்தாச்சு. தூக்குங்க."

"தூக்கக் கூடாது" என்றாள் ஹாட்டி. "பலம் வரல."

"நீ பயிற்சிக்கு வந்த ஆள்."

"ஆமா. இங்க நான் கத்துக்கிட்டது இதுதான். அதிகாரிங்ககிட்டயும் இதையேதான் சொல்வேன். தூக்கச் சொன்னது நான். சூட்டுல இருந்த க்யூப நம்பிச் சொன்னேன். சூட்ட நிறுத்தினது நீங்க."

"அப்படின்னா உன் இடம் போச்சு. புரியுதா? படிப்பு, பட்டம் எல்லாம்."

"புரியுது."

கிறிஸ்பின் எங்கள் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "காஸிம், நீங்க விவரமானவர். ஒரு சின்னப் பொண்ணு பேச்சக் கேட்டா பொழப்ப நடத்துறீங்க?"

காஸிம் கழுத்திலிருந்து ரிமோட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினார். "குடும்பம்தானே, கிறிஸ்பின். நீங்க தூக்குங்க. நாங்க கீழ நிக்கமாட்டோம். சூடுகாத்து வரணும், க்யூப் வெளியதான் இருக்கணும், டெஸ் மேல பழி விழக் கூடாது, இவ படிப்புல கை வைக்கக் கூடாது. அதுவரைக்கும் கொக்கி இறங்காது."

கிறிஸ்பின் ரிமோட்டை வாங்கவில்லை. அது ஏதோ கடிக்கும் பிராணி என்பதுபோல் ஓர் அடி பின்வாங்கினார். "உங்க எல்லாருக்கும் பதிலா நாளைக்கே ஆள் கொண்டுவருவேன்" என்றார். கொண்டுவரக்கூடியவர்தான். அது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் நகரவில்லை.

ஆலை வாசலில் படிக்கட்டு ஏற்றக் காத்திருந்த லாரியிலிருந்து ஓட்டுநர் தலையை நீட்டினார். ஓவன் என்று பெயர், வேல்ஸ்காரர்.

"என்னப்பா, எவ்வளவு நேரம்?"

"தெரியாது" என்று கத்தினேன். "முந்தாநேத்து இதுல ஒண்ணு டெஸ் கால்ல விழுந்துச்சு. இன்னிக்கு யாரும் தூக்கல."

ஓவன் படிக்கட்டைப் பார்த்தார். கிறிஸ்பினைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி, எங்கள் வரிசையில் ஹாட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நகர்ந்து நில்லும்மா," என்றார், "பின்னாடி இன்னும் ரெண்டு வண்டி வருது. அவங்களுக்கும் இடம் வேணும்."