மடத்துக்குச் சரிப்படாதவள்

லூர்து எழில் கன்னியர் மடத்தில் சேரப்போவதாகச் சொன்னபோது அவள் அப்பா ராயப்பனின் வாயில் இட்லி இருந்தது. அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மனிதர். நின்ற பெல்ட்டை எங்கே தட்டினால் ஓடும் என்று தெரியும். பெற்ற மகளை எங்கே தட்டி நிறுத்துவது?

மனைவி பொன்னம்மாள்தான் வழி சொன்னாள். "அவகிட்ட பேசிப் பிரயோசனமில்ல. மதரைப் போய்ப் பாருங்க. இவ லட்சணத்தை எடுத்துச் சொன்னா அவங்களே வேணாம்னுடுவாங்க."

மறுநாள் முதல் ஷிஃப்ட் முடிந்த கையோடு ஸ்கூட்டரைக் கம்மாபுரம் சாலையில் இருந்த மடத்துக்கு விட்டார். ஆதரவற்ற பெண்களைச் சிஸ்டர்கள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். மடத்துத் தலைவி சலேத் மதர் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் மதர். எம்பொண்ணு விடிஞ்சாலும் எந்திரிக்க மாட்டா. செபமாலை சொன்னா பாதியிலேயே குறட்டை. பூசையில ஃபாதர் தும்முனா இவளுக்குச் சிரிப்பு. கோவம் வந்தா கதவு கீல் கழண்டுடும். சாப்பாடு... அதை வாயால சொல்லக் கூடாதுங்க."

"நல்ல வேளை சொன்னீங்க," என்றார் மதர். "எங்களுக்குச் சரிப்படாது. இப்பவே உங்க பொண்ணுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடறேன்."

வந்த காரியம் முடிந்தது. எழுந்து வந்திருக்கலாம். ராயப்பனுக்கு மூக்கு விடைத்துவிட்டது.

"சரிப்படாதா? எம்பொண்ணுகிட்ட என்ன குறையக் கண்டீங்க?"

"நீங்கதானே இப்ப..."

"பெத்தவன், நான் சொல்லுவேன். நீங்க எப்படிச் சொல்லலாம்? எங்க கீழ்வூட்டு சாமியம்மாள் இடுப்பு ஒடிஞ்சு கெடந்தப்போ அவங்க மருமவளே மூக்கைப் பொத்திக்கினு ஓடினா. எம்பொண்ணுதான் பாடிக்கினே தொடைச்சி வுட்டா. அந்தம்மா கடுப்புல ரசச் சோத்தைத் தூக்கி மூஞ்சியில அடிச்சாங்க. இவ ரசம் வழிய நின்னுக்கினு, 'உப்பு கம்மியாங்க?'ன்னு கேட்டா. அப்படியொரு ஆளு உங்க மடத்துல இருந்தா காட்டுங்க!"

"இல்லைங்க. அதனால?"

"அதனால சேர்த்துக்கணும்!"

கத்திவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். மதர் சிரிக்கவில்லை. கீரைக் காம்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி, ஜூன்ல அனுப்பி வைங்க," என்றார்.

வீட்டில் பொன்னம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். "வேணாம்னுட்டாங்களா?"

"வேணாம்னாங்க. வுடுவேனா? சண்டை போட்டேன். சேர்த்துக்கறேன்னுட்டாங்க."

"நிறுத்திட்டு வாங்கன்னு அனுப்பினா, சீட்டு வாங்கிக்கினு வந்திருக்கீங்களே!" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. எழில் உள்ளேயிருந்து ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

ஜூன் மாதம் எழில் கடலூரிலிருந்த பயிற்சி மடத்துக்குக் கிளம்பினாள். பஸ்ஸின் ஜன்னல் கம்பியை ராயப்பன் விடவே இல்லை.

"புடிக்கலைன்னா வந்துடு. கோவத்துல கதவை மட்டும் ஒடைச்சுடாத, மடத்துக் கதவு."

"ஏம்ப்பா அழுவறீங்க?"

"கரித்தூசிம்மா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். விடிந்ததிலிருந்து கொட்டிய மழையில் நெய்வேலியே கழுவி வைத்ததுபோல் இருந்தது.