அண்ணி பேரில்

அட்டைப்பெட்டிக் கம்பெனி அண்ணனுடையது. அதன் கணக்கு வழக்கெல்லாம் தம்பியின் தலையில். கம்பெனி கொழித்த காலத்திலேயே தம்பிதான் அந்த யோசனையைச் சொன்னான். தொழில் என்றால் ஏறும், இறங்கும். அண்ணன் தன் பேரில் வாங்கி வைத்திருந்த வெளிக் கம்பெனிப் பங்குகளையும் வைப்புநிதியையும் அப்போதே அண்ணி பேருக்கு மாற்றிவிட்டால், நாளைக்கு எந்தக் கடன்காரனும் அதில் கை வைக்க முடியாது. வக்கீல் வீட்டுக்கு நடையாய் நடந்து அதை முடித்தும் கொடுத்தான். அண்ணிக்குத் தனியாகப் பாடம் வேறு நடத்தினான்: யார் வந்து அழுதாலும் கையெழுத்துப் போடக் கூடாது, அண்ணனே கேட்டாலும்.

இவ்வளவு கெட்டிக்காரன் தன் விஷயத்தில் மட்டும் சுத்த அசடு. சம்பளத்தில் பாதியை எடுக்காமல் கம்பெனியிலேயே விட்டுவைத்தான். வீடு வாங்கும்போது மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னது அவனுக்கு வேதவாக்கு.

கம்பெனி படுத்தது. அதே நேரம் பார்த்து, தம்பி குடியிருந்த மாடி வீட்டை உரிமையாளர் விற்கக் கிளம்பினார். மாதக் கடைசிக்குள் வாங்கினால் இருக்கலாம், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். தம்பி அன்றே அண்ணனிடம் சொன்னான். பார்க்கலாம் என்றார் அண்ணன்.

கடன்காரர்கள் கூட்டத்தில் வழக்கம்போல் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கூட்டம் நடத்திய அதிகாரி, கம்பெனி அவனுக்கும் பணம் தர வேண்டியிருப்பதால் எதிர்வரிசைக்குப் போகச் சொன்னார். அண்ணன் காலை மடக்கி அவனுக்கு வழிவிட்டார். பசை சப்ளை செய்கிறவர் நாற்காலியை நகர்த்தி, "வாங்க, நம்ம கட்சிக்கு வந்துட்டீங்களா" என்றார். சொத்தை விற்றால் நூற்றுக்குப் பத்து தேறலாம் என்றார் அதிகாரி.

வீடு வாங்கத் தன் சம்பளப் பாக்கியைக் கேட்டு அண்ணியிடம் போய் நின்றான். அவள் கண்கலங்கினாள், ஆனால் அவன் கற்றுக்கொடுத்த பாடத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்ட கதை. வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தான்.

அடுத்த வாரம் அண்ணனே வந்தார். புதுச் சட்டை. உட்காராமல் சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார். தம்பியின் மனைவி அவர் பின்னாலேயே போய்க் குழாயை மூடினாள்.

"இனி உனக்கு ஒரு கவலையும் இல்லடா. இந்த வீட்ட உங்க அண்ணி வாங்கிட்டா. நீங்க பாட்டுக்கு இருங்க, யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. வாடகைய மட்டும் அண்ணி கணக்குல போட்டுடு. என் கணக்குல விழுந்தா கடன்காரங்க புடுங்கிடுவாங்க."

கூடப் பிறந்தவர் மேல் கை ஓங்க வேண்டும் என்று தம்பிக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோன்றியது. குரல்தான் வந்தது.

"நானும் கடன்காரன்தான் அண்ணே."

அண்ணன் ஜன்னல் கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.