முதல் கழுவல்

பேராசிரியர் ஜீவமணிக்கு அழுக்குப் பாத்திரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. தூத்துக்குடியில் இருபத்திரண்டு வருடமாகக் கரிம வேதியியல் ஆய்வுக்குழு ஒன்றை நடத்துகிறவர், வெளிநாட்டு இதழ்களில் எல்லாம் பெயர் வந்தவர். ஆனால் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து ஆய்வகத்தைத் திறந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, தொட்டியடியில் கிடக்கும் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கவிழ்ப்பதுதான். அதைப் பெருமையாகவும் நினைத்ததில்லை, கெட்ட பழக்கமாகவும் நினைத்ததில்லை. கை பாட்டுக்குக் கழுவிக்கொண்டிருக்கும், மனம் வேறெங்காவது போயிருக்கும்.

அன்று செவ்வாய்க்கிழமை. மனம் பத்தரை மணிக்கு நடக்கவிருந்த துறைக்கூட்டத்தில் கிடந்தது. ஒன்பது மணி வாக்கில் அறையில் உட்கார்ந்து அதற்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, வெளியே விஜிலாவின் குரல் கேட்டது.

"ஏலே டிக்சன், இங்கன இருந்த பிளாஸ்க் எங்கல?"

விஜிலா ஐந்தாம் வருட ஆய்வு மாணவி. கடற்கரைக் குடும்பத்துப் பெண். வள்ளத்தின் அடியில் சிப்பி போல இறுக ஒட்டும் கொட்டலசைச் சுரண்டிச் சுரண்டியே அவள் அப்பாவுக்குத் தோள் போய்விட்டது. கொட்டலசை ஒட்டவிடாமல் செய்கிற ஒரு சேர்மத்தைத்தான் மகள் தயாரித்துக்கொண்டிருந்தாள். பதினொரு படி, ஏழு வாரம், கடைசியில் கைக்கு வந்தது முப்பத்தெட்டு மில்லிகிராம். அது இன்று சாயங்காலம் நாலரைக்குள் கூரியரில் ஏறியாக வேண்டும். சென்னையில் அதைப் பரிசோதித்து வரும் நிறமாலை இல்லாவிட்டால் இதழ்க்காரர்கள் கட்டுரையைத் திருப்பிவிடுவார்கள். கட்டுரை இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. உதவித்தொகையோ இந்த மாதத்தோடு முடிகிறது. மறுபடி செய்ய ஏழு வாரம் கிடையாது.

"நான் தொடவே இல்லக்கா," என்றான் டிக்சன்.

"பொறவு எப்பிடிப் போவும்? நேத்து சாயங்காலம் எடை போட்டு, பம்புக்குப் பக்கத்துல கார்க் வளையத்து மேல வச்சிட்டுப் போனேன். இப்ப ஸ்டாண்டுல கவுந்து கெடக்கு. பளபளன்னு கெடக்கு."

ஜீவமணி தாள்களைக் கீழே வைத்தார். பம்பு இருப்பது தொட்டிக்குப் பக்கத்தில். காலையில் அங்கே ஒரு சின்னக் குடுவை இருந்தது. ஒன்றுமில்லாத குடுவை. அதாவது, ஒன்றுமில்லாதது போல இருந்த குடுவை. நிறமில்லாத எண்ணெய் முப்பத்தெட்டு மில்லிகிராம் என்பது உள்சுவரில் ஒரு மினுமினுப்பு, அவ்வளவுதான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அவர் சாய்த்துப் பார்க்கவில்லை.

எழுந்து கதவருகே வந்தார். டிக்சன் தொட்டியின் முன்னால் கையில் சோப்புநுரையோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். சாயர்புரத்துப் பையன், முதல் வருடம். போன வாரம்தான் ஒரு கண்ணாடிக் கண்டென்சரை உடைத்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அவன் தலைக்கு மேலே சுவரில் ஒட்டிய ஒரு தாளில் ஜீவமணியின் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது.

*காலிக் குடுவை என்று ஒன்று கிடையாது. கேட்காமல் கழுவாதே.*
*முதல் கழுவல் பாட்டிலில். தொட்டியில் அல்ல.*

எட்டு வருடத்துக்கு முன்னால் ஜெஸ்டின் என்கிற மாணவன், மூத்த மாணவி ஒருத்தியின் குடுவையை இப்படித்தான் கழுவிவிட்டான். மறுநாளே ஜீவமணி அந்தத் தாளை ஒட்டினார். நான் கழுவவில்லை என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். தப்பைக்கூட மன்னிக்கலாம், பொய்யை மன்னிக்க முடியாது என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஒரே மாதத்தில் அவன் வேறு வழிகாட்டியிடம் போய்விட்டான்.

"மேடம், சத்தியமா நான் இல்ல," என்று டிக்சன் இப்போது அவரைப் பார்த்துச் சொன்னான்.

பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக அவருக்கே வெட்கமாக இருந்தது.

"அவன் இல்ல, விஜிலா," என்றார். "நான்தான் கழுவுனேன்."

விஜிலா சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மேடத்தைத் திட்ட முடியாதே. திட்டவும் வழியில்லாத அழுகை பார்க்கச் சகிக்காது.

"ஏளா, அழாத," என்றார் ஜீவமணி. இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் யாரையும் அவர் ஏளா என்று ஊர்ப்பேச்சில் உரிமையோடு கூப்பிட்டதில்லை. "அசிட்டோன் ஊத்தித்தான் கழுவியிருப்பேன். அத எங்க ஊத்துனேன்னு யோசிக்கேன்."

யோசித்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. குடுவைக்குள் முதலில் ஊற்றுகிற அசிட்டோன் உள்ளே ஒட்டியிருப்பதை எல்லாம் கரைத்துக்கொண்டு வந்துவிடும். அதைத் தொட்டியில் கொட்டாமல் பழுப்பு பாட்டிலில் சேர்க்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டுதான் செய்வார்கள். சட்டம் போட்டவர் இன்று காலை அதன்படி நடந்தாரா என்பது அவருக்கே தெரியவில்லை.

"பாட்டிலப் பாப்போம் மேடம்," என்றான் டிக்சன்.

"அதுல ஒரு வாரத்துக் குப்பையும் கெடக்குமேல," என்றாள் விஜிலா மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அதுக்குள்ள எங்கன போய்த் தேட?"

"இல்லக்கா. நேத்து சாயங்காலம் நான் அதப் பெரிய கேன்ல ஊத்திட்டு, அலசி வச்சிட்டுத்தான் போனேன். கண்டென்சர் உடைச்சதுல இருந்து தினமும் அலசுதேன்."

பாட்டிலின் அடியில் கால் லிட்டர்கூட இல்லை. அதில் டிக்சன் காலையில் கழுவிய இரண்டு குடுவையின் மிச்சமும் கலந்திருந்தது. மூன்று பேரும் அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போனார்கள். ரோட்டா என்று அவர்கள் சொல்லும், சுழற்றிச் சுழற்றி ஆவியாக்கும் கருவியில் ஏற்றினார்கள். அசிட்டோன் போனதும் அடியில் பிசினாக ஏதோ மஞ்சளாய் நின்றது. கலந்து கிடப்பதைத் தனித்தனிப் புள்ளியாகப் பிரித்துக் காட்டும் தகட்டில் விஜிலா அதில் ஒரு துளியை வைத்து ஏற்றினாள். டிக்சன் தகட்டைப் பிடித்துக்கொண்டான்.

புறஊதா விளக்கின் பெட்டிக்குள் ஒரே சமயத்தில் மூன்று தலை நுழைய முடியாது. நுழைந்தன. நெற்றியும் நெற்றியும் முட்டிக்கொண்டன. கீழே டிக்சனின் கறுத்த புள்ளிகள் இரண்டு. மேலே, எங்கே இருக்க வேண்டுமோ சரியாக அங்கே, விஜிலாவின் நீலப் புள்ளி ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"இருக்கு மேடம்," என்றாள் விஜிலா.

"இருக்கு," என்றார் ஜீவமணி. போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. அவள் அழுத அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். துறைக்கூட்டத்தில் இருந்து இரண்டு முறை ஆள் வந்து கூப்பிட்டுப் போனதை அவர் கண்டுகொள்ளவில்லை.

பிரித்தெடுத்து, உலர்த்தி, எடை போடும்போது மூன்று மணி. தராசு முப்பத்தொன்று காட்டியது. இருபது இருந்தால் போதும். விஜிலா குப்பியை மூடி, டிக்சனின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டு, அவனையே பைக் எடுக்கச் சொல்லிக் கூரியருக்குப் போனாள். நாலு மணிக்கு அங்கிருந்து ரசீதைப் படம் பிடித்து அனுப்பினாள். கூடவே, வரும்போது வடை வாங்கி வரவா என்று கேட்டிருந்தாள். வாங்கி வா என்று பதில் போட்டார். அப்போதுதான் ஜீவமணி நிம்மதியாக மூச்சு விட்டார்.

நிம்மதி வந்ததும் தண்ணீர் குடித்தார், சுவரைப் பார்த்தார். இன்று ஆய்வகத்தைத் திறந்தது அவர். டிக்சன் வந்தது அவருக்குப் பிறகு. எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் காலையில் திறந்தது யார்? அப்போது ஜெஸ்டினைப் பற்றி எல்லோரிடமும் விசாரித்தார். இதை மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. சாவி என்றைக்கும் போல அன்றைக்கும் அவர் கையில்தான் இருந்தது.

ஜெஸ்டின் இப்போது சாத்தான்குளம் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். பழைய மாணவர்களின் பட்டியலில் எண் இருந்தது.

"ஜெஸ்டின், நான் ஜீவமணி பேசுதேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்து நிற்கிறான் போல. "சொல்லுங்க மேடம்."

காலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவன் இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"காம்பவுண்டு கிடைச்சிட்டா மேடம்?"

"கிடைச்சிட்டு. அந்தப் பாட்டில் இருந்ததால கிடைச்சுது. உன் விசயத்துக்குப் பொறவு வச்ச பாட்டில். அன்னைக்கும் லேபைத் திறந்தது நான்தான். எனக்குப் பொறவுதான் நீ வந்த. கழுவுனது நானாத்தான் இருக்கும். நீ சொன்னத நான் நம்பல. தப்பு என்னோடது."

அந்தப் பக்கம் மறுபடி நாற்காலி நகர்ந்தது. உட்கார்ந்துவிட்டான் போல.

"மேடம்," என்றான். "இல்ல இல்லன்னு சொல்லிச் சொல்லி, யாரும் நம்பாம, கடைசில எனக்கே சந்தேகம் வந்துட்டு. ஞாபகம் இல்லாம நான்தான் கழுவிட்டேன் போலன்னு முடிவு பண்ணிட்டேன். என் பிள்ளைகள்ட்டயும் அப்பிடித்தான் சொல்லுதேன், படிக்கும்போது ஒரு அக்காவோட காம்பவுண்டக் கழுவித் தொலைச்சிட்டேன், நீங்க கவனமா இருங்கன்னு."

"நீ கழுவல, ஜெஸ்டின்."

"இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்."

ஜீவமணி இன்னொரு தடவை சொன்னார்.