சூளையில் சுருங்கிய கப்

அமல் செய்த கப் பார்க்க அழகாக இருந்தது. வெள்ளை உடம்பு, நீலக் கைப்பிடி. குறை சொல்ல எனக்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் அக்கா ஃப்ளோராவின் பிளாஸ்டிக் அளவு கப்பை மிதித்து விரிசல் விழ வைத்தவனும் அவன்தான். நாங்கள் இருவரும் விருத்தாசலத்தில் பீங்கான் படிக்கிறவர்கள். புதிதாக ஒன்றைக் கடையில் வாங்கித் தந்தால் படிப்புக்கு என்ன மரியாதை? விரிசல் கப்பை வைத்தே பிளாஸ்டர் அச்சு எடுத்து, களிமண் கரைசலை ஊற்றி, சூளையில் சுட்டு, அக்கா கையில் கொடுத்துவிட்டான். பழையது குப்பைக்குப் போயிற்று.

வெளி ஆளுக்கு அக்கா செய்யும் முதல் கேக்கை அந்தக் கப்பால்தான் அளந்தாள். கம்மாபுரம் ஜெயராஜ் வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதுவரை அவள் கேக்கைச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். எதைக் கொடுத்தாலும் நல்லாருக்குது என்பவர்கள்.

மதியம் நான் போனபோது அக்கா கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். மாவு விழவில்லை.

"பழமலை, இது கேக்கு மாவா, ஒங்க காலேஜு களிமண்ணாடா?"

"களிமண்ணு இன்னும் கொஞ்சம் எளக்கமா இருக்கும்க்கா" என்றேன்.

"பால ஊத்திக் கலக்கிடுக்கா" என்றான் அமல்.

"ஊத்திட்டு? இனிப்பு கொறஞ்சிட்டா எவ்ளோ சேக்கணும்னு தெரியுமா? அந்த வூட்டுல ஊரே சாப்புடப் போவுதுடா. புதுசாக் கலக்கலாம்னா பொட்டலத்துல மைதாவும் தீந்துட்டுது."

என்னென்ன போட்டாள் என்று கேட்டேன். போனில் பார்த்த செய்முறையில் மைதா மட்டும் கிராமில் இருந்ததாம். அதைத் தராசில் நிறுத்திருக்கிறாள். சர்க்கரை ஒரு கப், தயிர் ஒரு கப், எண்ணெய் அரை கப்.

கப்பைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் அடக்கமாக உட்கார்ந்தது.

"அமலு, சூளைக்குப் போறதுக்கு முன்ன இது எவ்ளோ பெருசுடா?"

"சுட்டா மண்ணு சுருங்கும்க்கா" என்று அக்காவிடம் நானே சொன்னேன். இதையே தேர்வில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் அமல்.

"சுருங்குமா?" என்றாள் அக்கா. "எந்தளவுக்குடா சுருங்கும்?"

கப்பைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினோம். நூற்று அறுபது கிராம். தண்ணீர் என்பதால் மில்லியும் அதேதான். அளவு கப்பில் இருக்கவேண்டியது இருநூற்று நாற்பது.

"அப்ப மூணுல ரெண்டு பங்குதான் போட்டுருக்கேன்" என்றாள் அக்கா. விரலை மடக்கி விரித்தாள். "போட்டதுல பாதி இன்னும் போட்டா சரியாப் போவுமா?"

"போவும்க்கா" என்றேன்.

இதே கப்பால் சர்க்கரை அரை, தயிர் அரை, எண்ணெய் கால் விழுந்தன. கலக்கக் கலக்க மாவு இளகி, கரண்டியிலிருந்து ரிப்பனாக இறங்கியது. அக்கா அதைக் கேக் தட்டில் ஊற்றி ஓவனுக்குள் வைத்தாள். அமல் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். அப்படி அவன் சர்ச்சில்கூட நின்று நான் பார்த்ததில்லை.

கேக் உப்பி எழுந்தது. மேல்மேட்டை அக்கா சமமாகச் சீவி, அந்தச் சீவலை ஒரு தட்டில் வைத்தாள். ஜெயராஜ் வந்ததும் தட்டை நீட்டினாள்.

அவர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"இன்னும் ஒண்ணு குடும்மா" என்றார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் அமலுக்குக் குரல் வந்தது. "அடுத்த கப்ப பெருசா செஞ்சு தரேன்க்கா."

"நீ ஒண்ணுஞ் செய்ய வேணாஞ்சாமி. இதுல ஒண்ணரைன்னா பழசுல ஒண்ணு. எனக்குப் பழகிட்டுது."

அமல் அப்போதுதான் உட்கார்ந்தான். மீதிச் சீவலை நான் ஏற்கெனவே தின்றிருந்தேன்.