திரும்பி வரும் தூரம்

2025 ஒக்டோபர் 14, செவ்வாய்.
இன்று ஒரு சிறு பிழை விட்டேன். கரம்பொன்னுக்கு வந்த ஓடரை மறுக்காமல் ஏற்றுவிட்டேன். பழக்கத்தில் விரல் போய்விட்டது.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஜெனீற்றா பேனையை மூடினாள். பிறகு திறந்து, 'சிறு' என்ற சொல்லைக் கோடு கீறி வெட்டினாள். பழக்கம் என்பதும் முழு உண்மைதானா என்று ஐயமாக இருந்தது. விரல் போனபிறகும் ஓடரை விட்டுவிட நேரம் இருந்தது. கடைக்குப் போய்ப் பார்சலை வாங்கியதும், குழம்பு சரியாதபடி பெட்டிக்குள் துவாயைச் சுற்றி வைத்ததும் விரலின் வேலையல்ல. அதையும் எழுதலாமா என்று யோசித்தாள். எழுதவில்லை.

பகலெல்லாம் அவள் யாழ்ப்பாணப் பட்டணத்துக்குள் ஸ்கூட்டியில் சாப்பாடு கொண்டு ஓடுகிறாள். மாலையில் கணக்கியல் வகுப்பு. வகுப்பு முடிந்து தீவுப்பக்கம் ஊர்காவற்றுறையிலுள்ள வீட்டுக்குத் திரும்பும்போது, அந்த வழிக்கு ஓடர் ஏதும் அகப்பட்டால் எடுத்துக்கொள்வாள். செயலி தருவது போகிற தூரத்துக்கான காசு மட்டுந்தான். தீவிலிருந்து பட்டணத்துக்கு ஒருவரும் சாப்பாடு அனுப்புவதில்லை. வெறும் பெட்டியோடு திரும்பி வரும் தூரம் கொம்பனியின் கணக்கிலேயே இல்லை. பட்டணத்துப் பெடியளுக்கு அது நட்டம். ஜெனீற்றாவுக்கு அது வீட்டுக்குப் போகிற வழி, பெற்றோல் காசு மிச்சம்.

போன மாதம் அவளுக்கு வகுப்பில் சோதனை வந்த நாளில் அவள் வீட்டு வழியிலுள்ள கரம்பொன்னுக்கான ஓடரை, கூட ஓடுகிற பெடியளில் ஒருவனான மிரோஜன் எடுத்தான். பெட்டிக்குள் துவாய் சுற்றும் வித்தையை அவளுக்குக் காட்டிக்கொடுத்தவன் அவன்தான். சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகையில், அல்லைப்பிட்டிக்குக் கிட்ட, இருட்டிவரும் மம்மல் பொழுதில் தெருவில் படுத்துக்கிடந்த மாட்டை விலத்தப்போய் விழுந்து தொடையெலும்பு முறிந்துபோனது. காப்புறுதி கேட்டதற்கு, ஓடர் கொடுத்து முடிந்துவிட்டது, விழுந்த நேரத்தில் அவர் வேலையில் இல்லை என்று கொம்பனியிலிருந்து பதில் வந்தது. அதன் பிறகுதான் சாப்பாடு ஓடுகிறவர்கள் எல்லோரும் கூடி, திரும்பி வரும் தூரத்தையும் சேர்க்கும்வரை தீவுப்பக்க ஓடரை ஒருவரும் தொடுவதில்லை என்று தீர்மானித்தார்கள். ஜெனீற்றாவும் கை உயர்த்தியிருந்தாள். தீர்மானம் தொடங்கிய முதல் நாளே இப்படி ஆயிற்று.

மறுநாள் காலை, சாப்பாட்டுக் கடை வாசலில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டுப் பெடியள் நின்றார்கள். எல்லோருக்கும் மூத்தவனான ரஜீபன் அவளைக் கண்டதும் தொலைபேசியை நீட்டினான்.

"வாரும் தங்கச்சி. கொம்பனி உமக்கு நன்றி சொல்லியிருக்கு."

தீவுப் பகுதி ஓடர்கள் இப்போதைய கட்டணத்திலேயே ஏற்கப்படுவதால் மாற்றம் எதுவும் தேவையில்லை என்று அதில் இருந்தது.

"ஒரு ஓடர்தானே அண்ணை. தெரியாமல் அமத்துப்பட்டிட்டுது."

"ஓமோம். பிறகு தெரியாமல் கரம்பொன் வரைக்கும் ஓடிப் போட்டீராக்கும்."

பெடியள் சிரித்தார்கள். "ஸ்கூட்டிக்கு வழி பாடம்" என்றான் ஒருவன். ரஜீபன் மட்டும் சிரிக்கவில்லை. குரலைத் தணித்தான்.

"நீர் வீட்டை போறீர், பிள்ளை. அதாலை உமக்கு அந்தக் காசு போதும். உமக்குக் காணுமெண்டால் எல்லாருக்கும் காணுமெண்டு அவங்கள் எழுதுறாங்கள். மிரோஜன் இன்னும் கட்டிலிலைதான் கிடக்கிறான்."

அவள் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். தான் மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு இன்னொருவனின் கூலியைத் தின்னும் என்று அவள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. கணக்குப் படிக்கிறவள் பார்த்திருக்க வேண்டும். அன்று விடிய, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்த கடற்றொழிலாளியான அப்பா குருசுமுத்துவிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவர்களுடைய கரையில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை யாரும் கடலில் இறங்குவதில்லை. "அண்டைக்கு வலை போட்டவனிட்டையும் மீன் வாங்க ஆள் வரும் மோளே," என்றார் குருசுமுத்து. "கதைக்கத்தான் ஆள் வராது."

மாலை வகுப்பு முடிந்து படியிறங்கும்போதே தொலைபேசி அடித்தது. மனோகரி, கரம்பொன். இடுப்பு ஏலாமல் தனியே இருக்கிற தாய்க்குக் கனடாவிலிருந்து மகன் போடுகிற ஓடர். அதை எடுத்தால் பெற்றோல் காசு தேறும். மறுத்தால் செயலியில் புள்ளி குறையும். புள்ளி இன்னும் குறைந்தால் கணக்கையே பூட்டிவிடுவார்கள். பிறகு வகுப்புக் காசுக்கு எங்கே போவது? மறுத்தாள். ஸ்கூட்டியைத் திறக்கும்போது திரும்ப அடித்தது. மறுத்தாள். பண்ணைப் பாலத்தில் ஏறும்போது மூன்றாந்தரமும் அடித்தது. ஓரமாக நிறுத்தி, மறுத்து, தொலைபேசியைப் பைக்குள் போட்டாள்.

இரண்டு பக்கமும் கடல் கறுத்துக்கொண்டு வந்தது. சாப்பாடு இருக்கும்போது பெட்டி முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் குந்தியிருக்கும். இப்போது காற்றுக்கு அதன் மூடி படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. மிரோஜன் திரும்பி வந்தபோதும் இந்தச் சத்தம் கேட்டிருக்கும் என்று நினைத்தாள். அல்லைப்பிட்டியில் மாடுகள் தெருவோரம் படுத்துக்கிடந்தன. மெதுவாகவே போனாள்.

கரம்பொன்னில் மனோகரியின் வாசல் லைற் எரிந்தது. படலையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். நிற்காமல் போய்விடலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் பிரேக்கைப் பிடித்திருந்தாள்.

"வந்திட்டீரோ பிள்ளை? ஒருத்தரும் எடுக்கினமில்லையெண்டு மகன் சொன்னவன். நீர் எப்பிடியும் இந்த வழியாலைதானே வருவீர் எண்டு நிண்டனான்."

"சாப்பாடு கொண்டு வரேல்லை அன்ரி."

மனோகரி பெட்டியைப் பார்த்தார். "அப்ப வெறும் பெட்டியோ?"

"ஓம். போன மாதம் ஒரு பெடியன் கொண்டு வந்தவனெல்லே?"

"ஓமோம், உயர்ந்த பெடியன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போமன் எண்டனான். திரும்பிப் போற தூரம் கனக்க எண்டு நிக்காமல் ஓடினவன்."

"திரும்பிப் போகேக்கைதான் விழுந்தவன் அன்ரி. கால் முறிஞ்சு போச்சு. அந்தத் தூரத்துக்குக் கொம்பனி காசும் குடுக்கிறதில்லை, பொறுப்பும் இல்லையாம். அதாலைதான் நாங்கள் ஒருத்தரும்..."

மனோகரி படலையின் கொளுக்கியைக் கழற்றி, பிறகு மாட்டினார்.

"என்ரை சாப்பாட்டையோ கொண்டு வந்தவன்?" என்றார். அவள் தலையாட்டினாள்.

"வீட்டிலை குழம்பு இருக்கும் அன்ரி. போய் எடுத்துக்கொண்டு வரட்டே?"

"வேண்டாம், பாண் கிடக்கு." திரும்பப் போனவர் நின்றார். "நாளைக்கும் வராதோ?"

"நாளைக்கும் வராது."

"சரி. காத்து அடிக்குது, பாத்துப் போம்."

ஜெனீற்றா ஸ்கூட்டியை எடுத்தாள். கண்ணாடிக்குள் மனோகரி ஒரு கையைச் சுவரில் ஊன்றி ஊன்றி உள்ளே போவது தெரிந்தது. அவள் ஒழுங்கை முடக்கில் திரும்பும் முன் வாசல் லைற் அணைந்தது.

2025 ஒக்டோபர் 15, புதன்.
இன்று பிழை விட்டேனா என்று தெரியவில்லை.
நாளை: பெற்றோல் அடிக்க வேண்டும். வகுப்புக்கு முன் மிரோஜனைப் போய்ப் பார்க்க வேண்டும். கரம்பொன் ஓடர் வந்தால் மறுக்க வேண்டும்.