மூன்றாவது குடம்

"வெங்கடம்மாளுது ரொம்பிக்கினு கீது. அப்பால மரியகொயந்தையோடது. அதுக்கப்பால நம்முது. போய் நில்லுங்க, நா கொஞ்சம் குந்திக்கிறேன்" என்றாள் என் மனைவி ரெபேக்கா. குழாயடியில் எங்கள் பச்சைக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நான் நாளிதழோடு வாசலில் நின்றிருந்தேன். படியில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா, சாமி யாருக்கு ஓட்டு போடச் சொல்லிக்கீதுன்னு பேப்பர்ல வந்துட்ச்சா?" என்று கேட்டாள்.

"ஒம் பொண்ணுக்குத்தான்" என்றேன்.

"அப்ப சாமிக்கு இன்னும் புத்தி கீது" என்று சிரித்தாள்.

நான் போய் நின்றேன். மரியகுழந்தை தன் குடத்தை நகர்த்தினார், நான் எங்கள் குடத்தை வைத்தேன். அது நிறைந்ததும் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ரெபேக்கா நிலையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். குடத்தை இறக்கும்போது தண்ணீர் தளும்பி அவள் காலில் விழுந்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஆட்டோவில் ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

திரும்பி வந்தபோது, சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடு வேறு வீடு மாதிரி இருந்தது. யாரோ கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். கட்டிலை வெளியே எடுத்து, பாய்களை அடுக்கி, சந்தில் ஷாமியானா கட்டியாகிவிட்டது. எதிர் வீட்டு அடுப்பில் டீ கொதித்தது. நான் யாரிடமும் எதுவும் கேட்டிருக்கவில்லை. நன்றி சொல்ல எனக்குக் கடவுள் கிடையாது. அதனால் என் நன்றி எல்லாவற்றுக்கும் ஒரு முகமும் ஒரு வீட்டு எண்ணும் உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நம்பிக்கை இல்லாதவன். இதை எங்கும் மேடை போட்டுச் சொன்னதில்லை. தங்கச் சுரங்கத்தில் இறங்கிய காலத்தில், எங்களைக் கீழே இறக்கும் கேஜ் கூண்டுக்குள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், சிலர் சிலுவை போட்டுக்கொள்வார்கள், நான் கூண்டைத் தாங்கும் கயிற்றைப் பார்ப்பேன். அவ்வளவுதான். சாமி வீட்டுக்குள் இருந்தவரை எனக்கு அதோடு சண்டை இல்லை. அது மைக் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தபோதுதான் எரிச்சல் வந்தது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்றதும் ஒரு கட்சி ஹோமம் நடத்தியது, இன்னொரு கட்சி உபவாச ஜெபம் கூட்டியது. இரண்டுக்கும் ஒரே பந்தல்காரன். சுரங்கம் மூடியது. பிறகு நான் பெங்களூர் ரயிலில் ஏறி, ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்து மிச்ச வருஷங்களை ஓட்டினேன். போன தேர்தலுக்கு முன் எங்கள் குழாய்க்கே பூஜை போட்டார்கள். வம்பு வேண்டாம் என்று பக்கத்தில் நின்று ஜெபமும் செய்தார்கள். அன்றைக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அடுத்த வாரம் வால்வைத் திறக்க ஆள் வரவில்லை.

ரெபேக்கா நேர் எதிர். ஞாயிறு தவறாமல் சர்ச்சு. சனிக்கிழமை சாயங்காலம் பாஸ்டருடைய வெள்ளை அங்கியை எங்கள் வீட்டில்தான் இஸ்திரி போடுவாள். ஆனால் ஆடி மாதம் வெங்கடம்மாள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கேழ்வரகு மாவு கரைப்பதும் இவள்தான். வெங்கடம்மாள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ரெபேக்காவை அவள் வதினா என்றுதான் கூப்பிடுவாள், அண்ணி என்று அர்த்தம். "கூழுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டியா வதினா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள்.

பள்ளிக்கூடத்தில் ரெபேக்காவின் பெயர் பார்வதி. எங்கள் லைன்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான், சர்ச்சில் ஒரு பெயர், சர்க்காரில் ஒரு பெயர். எங்கள் சாதிக்குச் சர்க்கார் தரும் ஒதுக்கீடு, கிறிஸ்தவர் என்று எழுதினால் கிடையாது. சேரியில் பிறந்ததை ஞானஸ்நானம் கழுவிவிட்டதாகச் சட்டம் நினைக்கிறது. பக்கத்து ஊர்க்காரன் அப்படி நினைப்பதில்லை. நானும் சான்றிதழோடு கூடிய இந்துதான். கோயில் வாசலை மிதிக்காதவன். ரெபேக்காவுக்கு இது தீராத சிரிப்பு. விருந்தாளி யார் வந்தாலும் என்னைக் காட்டி, "எங்க வூட்டு இந்து, பாத்துக்கோங்க" என்பாள்.

எங்கள் மகள் பவ்யா நகராட்சித் தேர்தலில் நின்றது இந்தக் குழாய்க்காகத்தான். வார்டு தலித் பெண்களுக்கு ஒதுக்கியது. அவளும் பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மனு எழுதி எழுதி, ஒரு நாள், "மனு வாங்கற சேர்ல நானே குந்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். ஒரு கட்சி சீட்டும் கொடுத்தது. ரெபேக்கா செத்தபோது ஓட்டுப்பதிவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

அந்தக் கட்சியின் வார்டு பொறுப்பாளர் சரத் மத்தியானம் வந்தான். கெட்டவன் இல்லை. முதலில் ரெபேக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு உண்மையாகவே அழுதான். பிறகு என்னையும் பவ்யாவையும் பின்கட்டுக்குக் கூட்டிப்போனான்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. பொது மயானத்துல வெச்சிக்கலாம். பாஸ்டர் வேணாம், பாட்டு வேணாம். சும்மா நெத்தியில ஒரு குங்குமம். அந்த ரூபேஷ் காலையிலேந்தே போனை ஆன் பண்ணிக்கினு நிக்கறான். ஒரு சிலுவை வீடியோல வந்தா போதும், பவ்யா கிறிஸ்டீன்னு கம்ப்ளைண்ட் போட்டுருவாங்க."

"சாதி தகப்பன் வழிதானப்பா. நான் உயிரோடதானே கீறேன்" என்றேன்.

"சட்டம் அப்பால வரும் அங்கிள். வீடியோ இன்னிக்கே வரும்."

ரூபேஷ் எதிர்க்கட்சிக்காரன், அடுத்த லைன். சின்ன வயதில் அவன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு மாதம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். இப்போது ஷாமியானா கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

சரத் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. ரெபேக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். "உங்கள எங்கனா போட்டுக்கோங்க. என்ன எங்கம்மா பக்கத்துல போட்டு, ஒரு பாட்டுப் பாடிட்டு வாங்க." அவள் அம்மா சர்ச்சுக் கல்லறையில் இருக்கிறாள். ஆனால் செத்தவருக்கு எதுவும் தெரியாது என்று அவளிடமே ஆயிரம் தடவை வாதாடியவன் நான். மண் எல்லாம் மண்தான். அப்படியானால் தெரியாதவளுக்காகத் தெரிந்தவளை, உயிரோடு நிற்கிற மகளை, ஏன் தோற்கடிக்க வேண்டும்? என் கொள்கையே சரத்தின் பக்கம் போய் நின்றுகொண்டது. வாயைத் திறந்தேன். சரி என்று சொல்லத்தான் திறந்தேன்.

வெங்கடம்மாள் டீயோடு உள்ளே வந்தாள். அவள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், அதை ஒளிக்கவும் இல்லை.

"இன்னாடா சரத்து, ஓட்டு கேக்க வந்தியா, பொணம் கேக்க வந்தியா?"

"அத்தே, நீங்க சும்மா இருங்க. இது பாலிடிக்ஸ்."

"குங்குமம் வெக்கணும்னா அவ உயிரோட இருக்கசொல்லோ வந்து வெச்சிப் பாத்திருக்கணும். கையை முறிச்சிருப்பா." என்னிடம் திரும்பினாள். "ண்ணா, வதினா எங்க போவணும்னு எனக்குத் தெரியும், உனுக்கும் தெரியும். அப்பால ஓஞ் சௌரியம்."

பவ்யா அதுவரை அம்மாவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சந்தில் பைக் சத்தம் கேட்டது. பாஸ்டர் கிளமெண்ட் வந்தார். அவருக்கும் சங்கதி எட்டிவிட்டிருந்தது போல. சட்டை பேண்ட்டில் வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை.

"ஐயா, உங்களுக்குச் சங்கடம் வேணாம். நான் அங்கி போடாம, கும்பலோட கும்பலா நின்னு, மனசுக்குள்ளயே ஜெபம் பண்ணிட்டுப் போயிடறேன்" என்றார்.

பவ்யா அந்தப் பையை வாங்கித் திறந்தாள். அங்கி மடித்து இருந்தது. போன சனிக்கிழமை ரெபேக்கா வைத்த மடிப்பு. பவ்யா அதன் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள்.

"போட்டுக்கினு வாங்க பாஸ்டர். எங்கம்மா இஸ்திரி போட்டது" என்றாள். பிறகு சரத்தைப் பார்த்து, "அம்மாவ ஒளிச்சி வெச்சிட்டு நா எந்த மூஞ்சியோட குழாயாண்ட போய் ஓட்டுக் கேக்கறது? சீட்டு போனா போட்டும்ணா" என்றாள். அழுதபடியேதான் சொன்னாள்.

சரத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "முடிஞ்சிது" என்றான். பிறகு எழுந்து, கல்லறையில் குழி வெட்ட ஆள் சொல்லியாயிற்றா என்று பாஸ்டரிடம் கேட்டான். அவனுக்கும் நான் கடன்பட்டவன்.

சாயங்காலம் பெட்டியைக் கூடத்தில் வைத்துப் பாஸ்டர் பாட்டைத் தொடங்கினார். சபைக்காரர்கள் வழி விட்டார்களா, இவர்கள் இடித்துக்கொண்டு வந்தார்களா தெரியாது, பெட்டியைச் சுற்றி முன்வரிசை முழுக்க எங்கள் லைன் பெண்கள். அன்றைக்கு மாரியம்மன் கோயிலுக்குப் போகிற மாதிரி மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். வெங்கடம்மாளின் பொட்டு அன்றைக்கு ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதாக இருந்தது. அவள்தான் எல்லாருக்கும் மேலே பாடினாள். ரெபேக்கா துணி துவைக்கும்போதும் மாவு கரைக்கும்போதும் பாடிய பாட்டு. கேட்டுக் கேட்டு அந்த லைனுக்கே மனப்பாடம். இரண்டாம் சரணத்தில் சபைக்காரர்களே புத்தகத்தைப் புரட்டினார்கள், வெங்கடம்மாள் புரட்டவில்லை. தாளம் மட்டும் கொஞ்சம் அம்மன் பாட்டுத் தாளமாகிவிட்டது. பாஸ்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அந்தத் தாளத்துக்கே வந்து சேர்ந்துகொண்டார்.

ரூபேஷ் போனை உயர்த்திப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தான். அங்கியைப் பிடித்தால் பக்கத்தில் குங்குமம் வந்தது. சிலுவையைப் பிடித்தால் வெங்கடம்மாளின் பொட்டு மறைத்தது. நான் பாடவில்லை. பழக்கமில்லை. வாயை மூடிக்கொண்டு அவர்களைப் பார்த்தபடி நின்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பேருக்கு ஒரே நேரத்தில் கடன்பட்டதில்லை.

எங்கள் சந்துக்குள் வண்டி வராது. மெயின் ரோடு வரை தோளில்தான். என்னோடு ஒரே ஷிஃப்டில் இறங்கியவர்கள்தான் தூக்கினார்கள். எல்லாருக்கும் வயசாகிவிட்டது. பாதி தூரத்தில் மரியகுழந்தைக்கு இருமல் வந்துவிட்டது, சுரங்கத் தூசி நெஞ்சிலேயே தங்கிப்போன இருமல். அவர் தடுமாற, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நான் எட்டுவதற்குள் ஒரு தோள் உள்ளே நுழைந்தது. ரூபேஷ். போனை வாயில் கவ்விக்கொண்டிருந்தான். அடுத்த அடியில் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தான். மெயின் ரோடு வரை விடவில்லை. வண்டியில் ஏற்றியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓரமாகப் போய், மறுபடியும் போனை எடுத்தான்.

அவளை அவள் அம்மா பக்கத்தில் வைத்தோம்.

அன்று இரவே வீடியோ எல்லார் போனிலும் வந்தது. சரத் கொண்டுவந்து காட்டினான். அழுவதா சிரிப்பதா என்று அவனுக்கே தெரியவில்லை. "பாருங்க அங்கிள், கிறிஸ்டீன் வேட்பாளர்னு போட்டுக்கீறாங்க, மொத்தமும் மாரியம்மன் திருவிழா மாதிரி கீது. எங்க பொட்டு மேடம் வேற குளோசப்புல." வீட்டில் பெட்டி இருக்கிறது, அடுத்த நொடி மெயின் ரோட்டில் இருக்கிறது. நடுவில் அந்தச் சந்து மட்டும் இல்லை. நான் அதைச் சரத்திடம் சொல்லவில்லை.

ஆனாலும் புகார் போட்டார்கள். தாலுகா ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். மரியாதையானவர், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். உங்கள் மதம் என்ன என்று கேட்டார். சான்றிதழைக் காட்டினேன். கோயிலுக்குப் போவீர்களா என்றார். போவதில்லை என்றேன். பேனாவை மூடிக்கொண்டார். வெளியே போய் வெங்கடம்மாளிடம், இந்த வீட்டில் என்ன மதம் என்று கன்னடத்தில் கேட்டார். எனக்கு உள்ளேயே கேட்டது. "யாருக்குத் தெரியும் சார்? இத்தினி வருசமா பக்கத்து வூடு. கேக்கத் தோணல" என்று அவள் தமிழிலேயே பதில் சொன்னாள்.

ஓட்டுப்பதிவு முடிந்துவிட்டது. எண்ணிக்கை இனிமேல்தான். பவ்யா ஜெயித்தாலும் புகாருக்கு ஒரு தீர்ப்பு வர வேண்டும். அவள் மறுபடியும் காலை ரயிலுக்குப் போகிறாள். கேட்டால், "தோத்தா ஞாயித்துக்கெழம மனு எழுதுவேன், ஜெயிச்சா நானே வாங்கிப்பேன். எப்டியும் அதே மனுதான்பா" என்கிறாள். இப்படிப் பேசும்போது அவள் குரலில் அம்மா இருக்கிறாள்.

ரெபேக்காவை அடக்கம் செய்தபின் முதல் தண்ணீர் நாளன்று எனக்கு எழுந்திருக்கவே மனமில்லை. இனி வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு குடத்தைத் தேடினேன். வீட்டில் இல்லை. பின்கட்டிலும் இல்லை. குழாயடிக்கு வந்தேன். வெங்கடம்மாளின் குடம் நிறைந்து நகர்ந்துவிட்டிருந்தது. மரியகுழந்தையுடையது நிறைந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், எப்போதோ அடுப்புத் தீ பட்டுக் கழுத்தோரம் உருகிச் சுருங்கிய எங்கள் பச்சைக் குடம், அவள் வைக்கிற மாதிரியே உருகிய பக்கம் சுவரைப் பார்க்க இருந்தது. யார் கொண்டுவந்து வைத்தது என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

"அடுத்தது உன்துதான், புடி ண்ணா" என்றாள் வெங்கடம்மாள்.

இன்றைக்கும் தண்ணீர் வந்தது. பச்சைக் குடம் மூன்றாவதாக இருந்தது.